நியூ ஜெர்சில ஸ்ட்ரைப்பர் மீன் பிடிக்கிறது எப்படி: எந்த மாசம், எந்தத் தண்ணி, என்ன இரை (முழு வழிகாட்டி)

எடிசன், ஐசெலின் பக்கம் இருக்கிற நம்ம ஆளுங்க மீன் பிடிக்க ஆரம்பிக்கும்போது கேக்குற முதல் கேள்வி "எந்த ராட் வாங்கட்டும்?"தான். அதைக் கடைசியா கேளுங்க. முதல்ல கேக்க வேண்டியது இன்னைக்கு தண்ணி எத்தனை டிகிரி, அடுத்தது கரையோரம் என்ன பொடிமீன் ஓடுது. இந்த ரெண்டுக்கும் பதில் தெரிஞ்சவன் அம்பது டாலர் ராட்லயே மீன் எடுப்பான், தெரியாதவன் ஐநூறு டாலர் ராட்டை மணல்ல நட்டு வச்சுட்டு காபி குடிச்சிட்டு திரும்பி வருவான், கரையில இது ரெண்டும் பக்கத்துப் பக்கத்துலயே நடக்கும்.

அதனால இந்த வழிகாட்டில பாதிக்கு மேல மீனோட பயணத்தைப் பத்திதான் இருக்கும். சாமான் பத்தி அப்புறமா வரும், கொஞ்சமா.

முதல்ல மீனைத் தெரிஞ்சுக்கோங்க

ஸ்ட்ரைப்ட் பாஸ், சுருக்கமா ஸ்ட்ரைப்பர். மேரிலாந்து பக்கம் இதையே ராக்ஃபிஷ்னு சொல்லுவாங்க. வெள்ளி உடம்பு, தலைலேர்ந்து வால் வரைக்கும் ஏழெட்டு கறுப்புக் கோடு. கடல்ல வளந்து, முட்டை விட மட்டும் வசந்த காலத்துல ஆத்துக்குள்ள நன்னீருக்கு ஏறுற ஜாதி. நம்ம ஊர் கொடுவா இதுக்கு நேர் தலைகீழ், அது ஆத்துலயும் கழியிலயும் வளந்து முகத்துவாரத்துக்கு இறங்கி வந்து முட்டை விடும். ஆனா வேட்டை ஸ்டைல் ரெண்டுக்கும் ஒண்ணுதான், ஓட்டம் இருக்கிற தண்ணியோட ஓரத்துல பாறையோ திட்டோ மறைவா வச்சுக்கிட்டு நிக்கும், அடிச்சுட்டு வர்ற பொடிமீனை லபக்குன்னு உறிஞ்சிடும். ஊர்ல கொடுவா போட்டவங்களுக்கு இந்த மீன் சீக்கிரம் பிடிபடும்.

அட்லாண்டிக் கரையில இதுக்கு மூணு பெரிய பிரசவ ஆஸ்பத்திரி: செசபீக் விரிகுடால கலக்கிற ஆறுங்க, டெலவேர் ஆறு, ஹட்சன் ஆறு. இதுல செசபீக்தான் ரொம்பப் பெருசு, கரை முழுக்க சுத்துற மீன்ல பெரும்பங்கு அங்க பொறந்ததுதான். தண்ணி 60 டிகிரி ஃபாரன்ஹீட் (அதாவது 15, 16 செல்சியஸ்) பக்கம் வரும்போது முட்டை விடும். முட்டை ரெண்டு நாள் போல ஓட்டத்துலயே மிதந்துகிட்டுக் கிடந்து பொரியும், ஓட்டம் இல்லன்னா அடியில படிஞ்சு செத்துடும், அதனாலதான் ஆத்துல ஓட்டம் நல்லா இருக்கணும்.

முட்டை விட்டு முடிச்ச பெரிய பொட்டை மீனுங்க கடலுக்கு இறங்கி வடக்கால மெய்ன் வரைக்கும் போகும், குளிர் வந்தா தெற்கால வர்ஜீனியா, நார்த் கரோலினா கடலுக்குத் திரும்பும். ஆண் மீனுங்க நிறைய செசபீக்லயே தங்கிடும். இருவது முப்பது வருஷம்லாம் வாழுற மீன் இது. நீங்க முப்பது பவுண்டுக்கு மேல ஒண்ணு பிடிச்சா அது அனேகமா பொட்டைதான்.

உலக ரெக்கார்ட் 81.88 பவுண்டு, கிட்டத்தட்ட 37 கிலோ, 2011 ஆகஸ்ட்ல கனெக்டிகட் பக்கம் லாங் ஐலண்ட் சவுண்ட்ல ஏறினது. அதுக்கு முன்னாடி 29 வருஷம் ரெக்கார்ட் நம்ம நியூ ஜெர்சி கையிலதான் இருந்துச்சு, 1982 செப்டம்பர்ல அட்லாண்டிக் சிட்டி ஜெட்டில (கடலுக்குள்ள நீட்டிக் கட்டின கல் சுவர்) நின்னு ராத்திரி பிடிச்ச 78.5 பவுண்டு மீன். படகு கிடையாது, கரையில நின்னு பிடிச்சது, படகு இல்லாதவங்க மனசைத் தளர விடாதீங்க.

ஸ்டெப் 1: காலண்டரை மனசுல ஏத்துங்க

மார்ச் நடுவுலேர்ந்து ஆரம்பிக்கலாம். ராரிடன் பே (விரிகுடா), குறிப்பா கீபோர்ட், கிளிஃப்வுட் பீச், யூனியன் பீச் இந்தப் பக்கம். ஏன் இங்க முதல்லன்னா தண்ணி ஆழம் கம்மி, அடியில கறுப்பு சேறு, வெயில் பட்டா சீக்கிரம் சூடேறும். வெளிக் கடல் இன்னும் 42 டிகிரில விறைச்சுக் கிடக்கும்போதே இங்க மூலைல 48, 50 வந்துடும், அந்த ஆறேழு டிகிரி வித்தியாசத்துக்காகவே மீன் உள்ள வரும். எல்லாரும் விடியக்காலைல எழுந்து ஓடுவாங்க, ஆனா மார்ச்ல காலைதான் மோசமான நேரம், ராத்திரி பூரா குளிர்ந்த தண்ணி. மதியம் தாண்டி, வெயில்ல காய்ஞ்ச ஓடைத் தண்ணி வத்தத்துல வெளிய வடியுற நேரமா பாத்துப் போங்க. இரை பிளட்வொர்ம்னு ஒரு கடல் புழு, இல்லன்னா சிப்பிக் கறி. பெரும்பாலும் சின்ன மீன்தான் ஏறும், பரவாயில்ல, கை பழகும்.

ஏப்ரல், மே மாசம்தான் உண்மையான திருவிழா. பங்கர் வரும். மென்ஹேடன்னு சொல்ற இந்த எண்ணெய் மீன் நம்ம மத்தியோட குடும்பம்தான், ஆனா உள்ளங்கைய விட பெருசா, ஒரு அடி வரைக்கும் வளரும். இது கூட்டம் கூட்டமா பேக்குள்ள நுழைஞ்சா அது பின்னாடியே பெரிய ஸ்ட்ரைப்பர் நுழையும், ஹட்சன்ல ஏறப் போற மீனும் இங்கதான் தின்னு தெம்பேத்திக்கும். தண்ணி 50லேர்ந்து 60 வரைக்கும் இருக்கிற அந்த வாரங்கள்ல லீவு போட முடிஞ்சா போட்டுடுங்க. மேனேஜர்கிட்ட என்ன சொல்றதுன்றது உங்க சாமர்த்தியம்.

மே கடைசி, ஜூன்ல செசபீக்ல முட்டை விட்டு முடிச்ச மீனும் ஹட்சன்லேர்ந்து இறங்குற மீனும் சேர்ந்து கடற்கரை ஓரமா வடக்கால போகும். சாண்டி ஹுக்லேர்ந்து லாங் பிராஞ்ச், ஆஸ்பரி பார்க் வரைக்கும் கரைக்கு வெளிய பங்கர் கூட்டம் கறுப்பா நிழல் மாதிரி தெரியும், அதுக்கு அடியில நிக்கும். படகு வச்சிருக்கிறவங்களுக்கு இது பொற்காலம்.

ஜூலை, ஆகஸ்ட்ல இங்க பெருசா ஒண்ணும் இல்ல. தண்ணி 70க்கு மேல போயிடும், பெரிய மீன்லாம் மான்டாக், பிளாக் ஐலண்ட், கேப் காட், மெய்ன்னு குளுகுளுன்னு போய் உக்காந்துடும். ஆசை தாங்கலன்னா ஒரு வீக்எண்ட் கேப் காட் கெனாலுக்கு வண்டிய விடுங்க, அங்க ஓட்டம் ஆறு மாதிரி ஓடும், காலைல ஓட்டம் திரும்புற நேரம் நல்லா இருக்கும். இங்கயே இருந்தா ராத்திரில பாலத்து லைட் வெளிச்சத்துக்கு அடியில சின்னதா கிடைக்கும். ஆனா சூடான தண்ணில ஆக்சிஜன் கம்மி, போராடிக் களைச்ச மீனை நீங்க விட்டாலும் பொழைக்காது, அதனால அந்த ரெண்டு மாசம் வேற மீன் பாருங்க, ஃப்ளூக்னு ஒரு தட்டை மீன் இருக்கு, அதைப் பிடிங்க, வீட்லயும் சந்தோஷப்படுவாங்க.

செப்டம்பர்ல விரல் சைஸ் மடவை கரையோரம் தெற்கால ஓட ஆரம்பிக்கும், முழங்கால் ஆழத்துல. ஸ்ட்ரைப்பர் இன்னும் முழுசா வந்திருக்காது, ஆனா உள்ளூர்லயே தங்கின மீன் ஜெட்டி ஓரத்துல இதை வேட்டையாடும். ப்ளூஃபிஷும் வரும், அது பல்லு ரம்பம், விரலைக் குடுத்துடாதீங்க.

அக்டோபர் கடைசிலேர்ந்து டிசம்பர் ஆரம்பம் வரைக்கும் இறங்குமுகம், ஆங்கிலத்துல ஃபால் ரன். கரையில நிக்கிறவனுக்கு வருஷத்துலயே சிறந்த காலம் இதான்னு என் கருத்து, வசந்தத்தை விடவும். காரணம் சிம்பிள். வசந்தத்துல மீன் போற வழில போகுது, இலையுதிர் காலத்துல தின்னுக்கிட்டே போகுது, குளிர் காலத்துக்கு கொழுப்பு சேக்கணும்ல. மான்டாக்ல முதல்ல கிளம்பும், ரெண்டு மூணு வாரத்துல நம்ம பக்கம். தண்ணி 60லேர்ந்து கீழ இறங்கி 50 வரைக்கும் உச்சம். முதல்ல குட்டி பங்கர், அப்புறம் நவம்பர் நடுவுல சாண்ட் ஈல்னு விரல் தடிமன்ல நீளமா ஒரு பொடிமீன். வானத்தையும் பாருங்க, கேனட்னு பெரிய வெள்ளைப் பறவை அம்பு மாதிரி செங்குத்தா விழுந்துச்சுன்னா அடியில இரை இருக்கு. கோல்ட் ஃபிரண்ட் (குளிர் காத்து அலை) தாண்டி வடமேற்குக் காத்து அடிக்கும்போது கடல் கரையில சமாதானமா இருக்கும், தண்ணி தெளியும், போடவும் தூரம் போகும்.

தண்ணி டிகிரி எங்க பாக்கிறது? நோவாவோட (அமெரிக்க அரசோட கடல், வானிலை அமைப்பு) மிதவை 44065, நியூயார்க் துறைமுக வாசலுக்கு வெளிய மிதக்குது, ஃபோன்லயே பாக்கலாம். அது வெளிக் கடல் கணக்கு, வசந்தத்துல பே அதை விட சூடா இருக்கும்னு வச்சுக்கோங்க.

ஸ்டெப் 2: சட்டத்தைப் படிங்க, சோம்பல் படாதீங்க

நியூ ஜெர்சில கடல் மீனுக்கு காசு கட்டுற லைசன்ஸ் கிடையாது, ஆனா இலவச ரெஜிஸ்ட்ரேஷன் ஒண்ணு இருக்கு, ஆன்லைன்ல அஞ்சு நிமிஷம், அதைப் பண்ணிடுங்க. 2023லேர்ந்து கடற்கரை மாநிலங்கள் முழுக்க ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு மீன், அதுவும் 28 அங்குலத்துலேர்ந்து 31 அங்குலத்துக்குள்ள இருக்கணும். அதை விட சின்னதும் விடணும், பெருசும் விடணும். பெருசை ஏன் விடணும்னு கேக்குறவங்களுக்கு, அதுதான் லட்சக்கணக்குல முட்டை விடுற தாய். உள்ள இருக்கிற பே, ஆறுங்கள்ல ஜனவரி, பிப்ரவரி பிடிக்கக் கூடாது. டெலவேர் ஆத்துல ஏப்ரல், மே முட்டைக் காலமும் தடை. கரையிலேர்ந்து 3 மைல் தாண்டின ஃபெடரல் கடல்ல எப்பவுமே கூடாது. நியூ ஜெர்சில இந்த மீனை விக்கவும் கூடாது, பக்கத்து வீட்டு அங்கிள் பாசமா இருவது டாலர் நீட்டினாலும் வாங்காதீங்க. அளவு விதி மாறிக்கிட்டே இருக்கும், போற அன்னைக்கு மாநில வெப்சைட்டை ஒரு தடவை பாத்துட்டுப் போங்க.

இவ்வளவு கெடுபிடி சும்மா இல்ல. 1970கள் கடைசில அளவில்லாம அள்ளி இந்த மீன் அழியிற நிலைக்குப் போச்சு, 1984ல அமெரிக்க காங்கிரஸ் தனிச் சட்டமே போட்டுச்சு, 1985லேர்ந்து 1990 வரைக்கும் மேரிலாந்து முழுத் தடை. அது வேலை செஞ்சுச்சு, 1995ல மீண்டுடுச்சுன்னு அறிவிச்சாங்க. இப்ப மறுபடியும் இறக்கம். மேரிலாந்துல வருஷா வருஷம் குஞ்சு மீன் எண்ணுவாங்க, அந்தக் குறியீட்டோட நீண்ட கால சராசரி 11 பக்கம், 2023ல 1.0, 2024ல 2.0. குளிர்காலம் கதகதப்பாவும் மழை கம்மியாவும் இருந்தா குஞ்சு தங்க மாட்டேங்குது. இன்னைக்குப் பொறக்காத குஞ்சு இன்னும் ஆறேழு வருஷம் கழிச்சு 28 அங்குல மீனா வராது, கணக்கு அவ்வளவுதான்.

ஸ்டெப் 3: சாமான்

ஆரம்பிக்கிறவங்களுக்கு 9 அல்லது 10 அடி சர்ஃப் ராட், 5000 சைஸ் ஸ்பின்னிங் ரீல், 30 பவுண்டு ப்ரெய்ட், அதோட முனைல 3 அடி 40 பவுண்டு ஃப்ளோரோகார்பன் தங்கூசி. போதும். ஒரே ராட்ல எல்லாம் பண்ணலாம். மிச்சக் காசுல நல்ல வேடர் (தண்ணி புகாத, மார் வரைக்கும் வர்ற பேன்ட்) வாங்குங்க, மேல இறுக்கிக் கட்ட பெல்ட்டோட. பெல்ட் இல்லாம வேடர் போட்டு அலைல விழுந்தா உள்ள தண்ணி ரொம்பும், எழுந்திரிக்கவே முடியாது. ஜெட்டி பாறை மேல ஏறுறதா இருந்தா ஷூ அடியில இரும்பு முள் கட்டாயம், பாசி புடிச்ச பாறை யாருக்கும் தயவு காட்டாது. நெத்தி லைட், நீளமான மூக்கு ப்ளையர், அளவு டேப்.

ஸ்டெப் 4: வத்தத்துல வந்து கரையப் படிங்க

தூண்டில் இல்லாம ஒரு நாள் லோ டைடுக்கு வாங்க. மணல் முழுக்க ஒரே மாதிரி இருக்கிற மாதிரிதான் தெரியும், ஆனா தண்ணி வடிஞ்சப்புறம் பாத்தா கரைக்கு இணையா ஒரு பள்ளம், அதுக்கு வெளிய மணல் திட்டு, திட்டுல அங்கங்க உடைஞ்ச வாசல். ஃபோன்ல போட்டோ எடுங்க, பக்கத்துல இருக்கிற வீடு, கம்பம் எதையாவது அடையாளம் வச்சுக்கோங்க. தண்ணி ஏறினப்புறம் திட்டு மேல அலை வெள்ளையா உடையும், வாசல்ல உடையாம கறுப்பா இருக்கும். அந்தக் கறுப்பு இடம்தான் மீன் உள்ள வர்ற வழி. பள்ளம் உங்க கால்லேர்ந்து இருவது கெஜம்தான் இருக்கும் பல நேரம், ஆனா புதுசா வர்றவங்க எல்லாம் நூறு கெஜம் வீசுறதுலயே குறியா இருப்பாங்க, மீனைத் தாண்டி வீசி என்ன பிரயோஜனம்.

நேரம்னு கேட்டா விடியல், அந்தி, ராத்திரி. மார்ச் மட்டும் விதிவிலக்கு, மேலயே சொன்னேன். ஏத்தமோ வத்தமோ தண்ணி நகரணும், தேங்கி நிக்கிற நேரத்துல சாப்பாட்டைப் பிரிங்க. பார்னகெட் மாதிரி முகத்துவாரத்துல வத்தம் நல்லது, உள்ள இருக்கிற பொடிமீனை வெளிய தள்ளிட்டு வரும். திறந்த கடற்கரைல ஏத்தத்தோட பின்பாதி எனக்குப் பிடிக்கும். சாண்டி ஹுக்ல ராத்திரி பிடிக்க தனி பார்க்கிங் பாஸ் வாங்கணும், மறக்காதீங்க.

ஸ்டெப் 5: இரை போட்டு பிடிக்கிறது

மெயின் லைன்ல நழுவுற மாதிரி ஒரு ஸ்லைடர், அதுல 3, 4 அவுன்ஸ் பிரமிட் ஈயம், அப்புறம் ஸ்விவல், ரெண்டு மூணு அடி தங்கூசி, முனைல 8/0 சர்க்கிள் ஹூக் (முனை உள்பக்கமா வளைஞ்ச தூண்டில் முள்). மீன் இரையை எடுத்துட்டு ஓடும்போது ஈயத்தோட கனம் அதுக்குத் தெரியாது. 2021லேர்ந்து இயற்கை இரை போட்டா சர்க்கிள் ஹூக் கட்டாயம், J முள் கூடாது. இந்த முள்ளுல ஒரு பழக்கத்தை மாத்திக்கணும், மீன் இழுத்த உடனே ஊர் ஞாபகத்துல வெடுக்குன்னு சுண்டாதீங்க. சுண்டினா முள் வாயிலேர்ந்து உருவிட்டு வந்துடும். ராட் வளையட்டும், லைன் இறுகட்டும், மெதுவா சுத்த ஆரம்பிங்க, முள் தானா வாய் ஓரத்துல திரும்பி மாட்டிக்கும்.

பங்கரைத் துண்டு போட்டா தலைப் பக்கம் பெஸ்ட், நண்டு சீக்கிரம் பிய்க்காது. சிப்பிக் கறிய எலாஸ்டிக் நூல் வச்சு முள்ளுல கட்டிடுங்க, இல்லன்னா வீசும்போதே பறந்து போயிடும். புயல் அடிச்ச மறுநாள் சிப்பி உடைஞ்சு கரை ஒதுங்கும், அன்னைக்கு வேற இரையே வேணாம். படகுல உயிர் பங்கரை மூணு முனை முள்ளால குத்தி இழுத்து அப்படியே விடுற பழைய முறை இப்ப செல்லாது, எடுத்து சர்க்கிள் ஹூக்குக்கு மாத்தி அப்புறம்தான் விடணும்.

ஸ்டெப் 6: லூர்

லூர்னா செயற்கை இரை. கடைக்குப் போனா தலை சுத்தும், அஞ்சு வகை போதும். ஒண்ணரை அவுன்ஸ் பக்டெயில் ஜிக், அலைலயும் ஓட்டத்துலயும் எதுக்கும் ஆகும். ஜிக் தலையோட ரப்பர் மீன். ராத்திரிக்கு மெதுவா நீந்துற டைவா எஸ்பி மின்னோ மாதிரி ஒண்ணு. காலைல மேல துள்ள ஒரு பாப்பர். நவம்பர்ல சாண்ட் ஈல் வந்தா மெலிசா நீளமா ஒரு மெட்டல், ஏவா ஜிக் மாதிரி. கரையோரம் என்ன ஓடுதோ அதோட நீளத்துக்கு லூர் நீளம் பொருந்தணும், கலர் ரெண்டாம் பட்சம். ராத்திரி கறுப்பு, கலங்கின தண்ணிக்கு பச்சை மஞ்சள், மத்தபடி வெள்ளை. ராத்திரில மெதுவா சுத்துங்க, மெதுவான்னு நீங்க நினைக்கிறதை விட மெதுவா. நேரா கடலைப் பாத்து வீசாம சாய்வா வீசுங்க, லூர் பள்ளத்துலயே அதிக நேரம் நடக்கும். லைட்டைத் தண்ணில அடிக்காதீங்க, பக்கத்துல நிக்கிறவர் திட்டுவார், அவர் திட்டுறது நியாயம்தான்.

ஸ்டெப் 7: மாட்டினப்புறம்

ட்ராக் (மீன் இழுத்தா ரீல்லேர்ந்து லைன் எவ்வளவு இறுக்கமா கழலணும்ங்கிற செட்டிங்) லைன் பலத்துல கால் பங்கு அளவு. முதல் ஓட்டத்தைத் தடுக்காதீங்க, ஓடட்டும். கரை கிட்ட வந்ததும்தான் பாதி மீன் தப்பிக்குது, ஏன்னா அலை பின்வாங்கும்போது மீனோட எடையும் தண்ணியோட இழுப்பும் சேரும், அப்ப இழுத்தா தங்கூசி அறும். அலை பின்வாங்குறப்ப விட்டுக் குடுங்க, அடுத்த அலை உள்ள வர்றப்ப அதோட சேர்ந்து பின்னால நடந்து மீனை மணல்ல ஏத்துங்க. காஃப்னு சொல்ற கைப்பிடி வச்ச கொக்கியால குத்தி இழுக்கிறது இந்த மீனுக்குத் தடை.

பல்லு கூர்மை இல்ல, கீழ் தாடைய கட்டை விரலால பிடிக்கலாம், ஆனா செவுள் மூடி ஓரமும் முதுகு முள்ளும் கைய கிழிக்கும். விடப் போற மீன்னா ஈரக் கை, வயித்துக்கு அடியில ஒரு கை தாங்கு, தாடைய மட்டும் பிடிச்சு செங்குத்தா தொங்க விடாதீங்க, பெரிய மீனுக்கு உள் உறுப்பு கிழியும். மணல்ல புரட்டாதீங்க. ஒரு போட்டோ போதும். தண்ணில வச்சு தாடைய பிடிச்சிருங்க, அது உங்க விரலைக் கடிச்சு வாலை அடிச்சா விட்டுடுங்க. கடல்ல மொத்தம் எவ்வளவு மீன் இருக்குன்னு போடுற கணக்குல, விட்ட மீன்ல 9 சதவீதம் செத்துடுதுன்னு எடுத்துக்கிறாங்க, கேக்க சின்னதா இருக்கு, ஆனா பிடிக்கிற மீன்ல பெரும்பாலானதை விடுறோம்ல, மொத்தத்துல அது மலை மாதிரி. லூர்ல இருக்கிற மூணு முனை முள்ளைக் கழட்டிட்டு கொண்டை (முனைல பின்பக்கமா நீட்டிக்கிட்டு இருக்கிற குட்டி முள்) நசுக்கின ஒத்தை முள் போட்டா ரெண்டு பேருக்கும் சுலபம்.

ஸ்டெப் 8: வீட்டுக்குக் கொண்டு போற ஒண்ணு

அளவுக்குள்ள இருந்தா உடனே செவுளை வெட்டி ரத்தம் வடிய விட்டு ஐஸ்ல போடுங்க. முழுசாவே வீட்டுக்குக் கொண்டு போங்க, வழில அதிகாரி அளந்து பாக்கணும்ல. செதில் பெருசு, சமையல் ரூம்ல உரிச்சா ஒரு வாரம் தரையில மின்னிக்கிட்டே இருக்கும், பேக்யார்ட்ல வேலைய முடிங்க. வெள்ளைச் சதை, கெட்டி, முள் கம்மி, நடுவுல ஓடுற கருஞ்சிவப்புப் பட்டைய வெட்டி எடுத்துட்டா வாடை வராது.

ஒரு விஷயம் மட்டும் நம்ம சமையல் பழக்கத்துக்கு எதிரா இருக்கு. 1947லேர்ந்து 1977 வரைக்கும் ஜெனரல் எலக்ட்ரிக் ஃபேக்டரிகள்லேர்ந்து ஹட்சன் ஆத்துல பிசிபி ரசாயனம் கலந்துச்சு, அது மீன் கொழுப்புல தங்கும், அதனால ஹட்சன், ராரிடன் பே பக்கத்து ஸ்ட்ரைப்பருக்கு சாப்பாட்டு எச்சரிக்கை இருக்கு, கர்ப்பமா இருக்கிறவங்க, சின்னப் பசங்களுக்குக் குடுக்காதீங்க, மத்தவங்களும் மாநிலம் சொல்ற அளவோட நிறுத்திக்கோங்க. தலைக்கறிதான் உயிர்னு இருக்கிறவங்க இந்த மீனோட தலைய விட்டுடுங்க, தோல், வயித்துக் கொழுப்பு, குடல் எல்லாம் தூரப் போடுங்க. குழம்பு வச்சா உருகின கொழுப்பு அதுலயே நிக்கும், அதனால மசாலா தடவி கம்பி கிரில்ல போட்டு கொழுப்பு கீழ சொட்டுற மாதிரி சுடுங்க. மிளகு, மஞ்சள், பூண்டு, எலுமிச்சை, உப்பு, ஒரு பக்கம் அஞ்சாறு நிமிஷம், துண்டு தடியா இருந்தா கொஞ்சம் கூட.